செத்த செடியை விடுங்கள், பக்கத்துச் செடியின் வேரைத் தோண்டுங்கள்: வாடல், வேரழுகலுக்கு அறிகுறி வாரியாக வழிமுறை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மார்கழிப் பட்டத்து மல்லாட்டை (நிலக்கடலை) பூத்து, காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்கும் நேரம் வந்தால் எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "வாடின செடிக்கு மருந்து ஊத்திட்டேன், பக்கத்துச் செடியும் சாயுதே, ஏன்?" பாகூரில் கத்தரி போட்டவரும், புதுச்சத்திரம் கடற்கரை மணலில் சவுக்கு வைத்தவரும், பண்ருட்டிப் பக்கம் தென்னை வைத்தவரும் இதையே வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்.

மண்ணில் இருக்கும் வேரழுகல் பூஞ்சாணம் தானாக அதிக தூரம் போகாது. தின்ன எதுவும் கிடைக்காவிட்டால் சில சென்டிமீட்டரிலேயே அதன் வளர்ச்சி நின்றுவிடும். வேர்தான் வளர்ந்துகொண்டே போய் அது இருக்கும் இடத்தைத் தொடுகிறது. அப்புறம் ஒரு செடியின் வேரும் அடுத்த செடியின் வேரும் உரசும் இடத்தில் பூஞ்சாணம் தாண்டிவிடுகிறது. மேலே இலை தொங்குவதை நாம் பார்க்கும்போது கீழே அந்தத் தாண்டல் நடந்து பல நாள் ஆகியிருக்கும். அதனால் இந்த வழிமுறை முழுவதும் ஒரே இடத்தைச் சுற்றியே போகும்: வாடின செடிக்கும் நல்ல செடிக்கும் நடுவில் இருக்கும் மண்.

கையில் மண்வெட்டி, கூர்மையான கத்தி, ஒரு வாளி தண்ணீர், ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தால் போதும். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

## எல்லாவற்றுக்கும் முன்: வரப்பில் நின்று பாருங்கள்

உள்ளே இறங்கும் முன் செத்த செடிகள் எப்படிக் கிடக்கின்றன என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஆங்காங்கே ஒன்று ஒன்றாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சாய்ந்திருந்தால்: ஒவ்வொரு செடியும் தன் வேரால் தனியாக நோயைத் தொட்டிருக்கிறது, அல்லது நோய் விதையிலேயே வந்திருக்கிறது. இங்கே பக்கத்துச் செடிக்கு அவ்வளவு ஆபத்தில்லை. விதை நேர்த்தியையும் நிலத் தயாரிப்பையும் பார்க்க வேண்டும்.

திட்டாக இருந்து, வாரா வாரம் அந்தத் திட்டு பெரிதானால்: வேரோடு வேர் தொட்டுப் பரவுகிறது. இந்த வகையில்தான் தாமதம் பணத்தைத் தின்னும். திட்டின் ஓரத்தில் நாலு குச்சி நட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்துக் குச்சிக்கு வெளியே செடி வாடியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வாய்க்கால் வழியாக, தண்ணீர் போகும் பக்கமாக நீண்டிருந்தால்: தண்ணீர் நோயைச் சுமந்து போகிறது. முதலில் பாய்ச்சலை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தோண்டும்போது செடியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அழுகின சல்லிவேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், கையில் வருவது நல்ல வேராகத் தெரியும். வாடின செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணை வெட்டிக் கட்டியாகத் தூக்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். இரண்டு செடியின் வேரும் ஒன்றாகத் தெரியும். வெளியே பச்சையாக நிற்கும் செடியின் வேர் பழுப்பேறியிருந்தால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

## மதியம் வாடுகிறது, மாலையில் நிமிர்ந்துவிடுகிறது

இதைப் பார்த்தவுடன் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

முதலில் ஈரம். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடியுங்கள். பிடிபடாமல் உதிர்ந்தால் தண்ணீர்ப் பற்றாக்குறைதான். பாய்ச்சிய மறுநாளும் அதே மாதிரி வாடினால் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாவது, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு களிமண் நிலத்தில் இது சகஜம். வேர் மூச்சுவிட முடியாமல் மேல் மண்ணிலேயே நின்றுவிடும். வடிகால் வெட்டினால் தேறும். ஆனால் இப்படி நலிந்த வேரில் பூஞ்சாணம் எளிதாக ஏறும், அதனால் தண்ணீர் வடிந்த பின்னும் பத்து நாள் கண்காணியுங்கள்.

மூன்றாவது நூற்புழு. அலசின வேரில் முடிச்சு இருக்கிறதா? மல்லாட்டை, உளுந்து வேரில் இருக்கும் உருண்டைகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். தழைச்சத்து தரும் நல்ல முடிச்சு அது. நூற்புழு முடிச்சு வேரே வீங்கினது, உதிராது. கத்தரி, தக்காளியில் இதை அடிக்கடி பார்க்கலாம். நூற்புழு துளைத்த வேரில் வாடல் பூஞ்சாணம் சுலபமாக நுழையும். அதனால் முடிச்சு இருக்கும் வயலில் பூஞ்சாணத்துக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பலன் பாதிகூட வராது.

மூன்றும் இல்லை, சல்லிவேர் நுனி மட்டும் பழுப்பு என்றால் வேரழுகலின் தொடக்கம். கீழே உங்கள் பயிருக்கான பகுதிக்குப் போங்கள்.

## முளைத்து மூன்று, நாலு வாரத்துக்குள் கன்று சாய்கிறது

நிலக்கடலையில்: மண்மட்டத்தில் கழுத்துப் பகுதி கறுத்து, அதில் கரித்தூள் மாதிரி படிந்திருந்தால் கழுத்தழுகல். பெரும்பாலும் ஆங்காங்கேதான் சாயும். காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன். ஆழமாக விதைத்திருக்கலாம்; விதை மேலே வர நாளானால் கழுத்து அவ்வளவு நாள் நோயுள்ள மண்ணில் மாட்டிக்கொள்ளும். 5 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். விதைப் பருப்பு தோலுரிந்து அடிபட்டிருக்கலாம். விதை நேர்த்தி விட்டுப்போயிருக்கலாம். கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் 4 கிராம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. கார்பன்டசிம் என்ற பூஞ்சாண மருந்து கலந்த விதையில் அதே நேரத்தில் டிரைக்கோடெர்மாவையும் போடாதீர்கள். அதுவும் பூஞ்சாணம்தான், மருந்து அதைக் கொன்றுவிடும்.

சாய்ந்த கன்றுக்கு வைத்தியம் கிடையாது. இடைவெளி அதிகமில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

நாற்றங்காலில்: மிளகாய், கத்தரி நாற்று கும்பல் கும்பலாக, தண்டு மெலிந்து நீர் கோத்தது போல விழுந்தால் நாற்றழுகல். இது திட்டாகத்தான் போகும். நாற்று நெருக்கமாக இருக்கும்போது வேர் முளைத்த சில நாளிலேயே பின்னிக்கொள்கிறது. வேரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்: மேல்தோல் உறை மாதிரி கழன்று, உள்ளே நூல் மட்டும் நின்றால் பித்தியம் என்ற பூஞ்சாணம். அதற்குக் கார்பன்டசிம் வேலை செய்யாது. லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்துப் பூவாளியால் ஊற்றுங்கள். விழுந்த திட்டோடு நிறுத்தாமல், சுற்றி ஒரு சாண் நல்ல நாற்றுக்கும் சேர்த்து ஊற்ற வேண்டும். அடுத்த முறை பாத்தியை உயர்த்தி, விதையை நெருக்காமல் இடைவெளி விட்டுப் போடுங்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் நாலு முதல் ஆறு வாரம் இறுக்கி மூடி வைத்தால் அந்த வருடம் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கறுப்புத் தாளுக்கு அவ்வளவு சூடு ஏறாது.

## நிலக்கடலை 40 நாளைத் தாண்டின பின் திட்டுத் திட்டாகக் காய்கிறது

இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும். இங்கே இரண்டு நோய் ஒரே மாதிரி தெரியும், மருந்தோ வேறு வேறு. தவறான மருந்தில் போகும் பணம்தான் அதிகம்.

காய்ந்த செடியின் அடித்தண்டை மண்ணை ஒதுக்கிப் பாருங்கள்.

### வெள்ளை நூல், கடுகு மாதிரி உருண்டை

காலை ஈரத்தில் தண்டின் அடியில் வெள்ளைப் பஞ்சு நூல் படர்ந்திருக்கும். அதில் முதலில் வெள்ளையாகவும் பிறகு பழுப்பாகவும் கடுகளவு உருண்டைகள். இது ஸ்கிளிரோஷியம் என்ற பூஞ்சாணம் உண்டாக்கும் தண்டழுகல். செடிகள் சிறிதாக, தனித்தனியாக நிற்கும் வரை இது அடங்கிக் கிடக்கும். கொடி ஒன்றோடொன்று மூடிக்கொண்டு, விழுது மண்ணில் இறங்கி, மேல் மண்ணில் வேர் பின்னிய பிறகுதான் வரிசையில் ஓட ஆரம்பிக்கும். 30 செ.மீ.க்கு 10 செ.மீ. இடைவெளியில் வரிசைக்குள் செடிகள் நெருக்கம், வரிசைக்கு வரிசை தூரம். அதனால் திட்டு வரிசை வாக்கில் நீண்டு தெரியும்.

சரி, என்ன காரணம்? எளிதானது முதலில். டிக்கா இலைப்புள்ளி நோய் கவனிக்கப்படாமல் இலை கொட்டியிருக்கிறதா? கொட்டின இலைதான் இந்தப் பூஞ்சாணத்துக்கு முதல் தீனி. அதைத் தின்று வலுத்து அப்புறம் தண்டில் ஏறும். தண்டழுகல் இருக்கும் வயலில் இலைப்புள்ளியை அடக்குவதும் வேர் வைத்தியம்தான்.

அடுத்தது மண் அணைத்த விதம். 40, 45ஆம் நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது விழுதுக்கு நல்லதுதான். ஆனால் கொடியின் மேலேயும் இலை மேலேயும் மண் விழுந்து புதைந்தால் பூஞ்சாணத்துக்கு வாசல் திறந்து கொடுத்த மாதிரி. அணைத்த பின் கொடிகளைக் கையால் தட்டி மண்ணை உதறச் சொல்லுங்கள். கூலியாள் "இது எதுக்கு" என்பார். பரவாயில்லை, சொல்லிச் செய்ய வையுங்கள்.

மூன்றாவது, போன பட்டத்திலும் அதே நிலத்தில் மல்லாட்டை, மிளகாய் அல்லது கத்தரி இருந்ததா? எல்லாவற்றையும் இந்தப் பூஞ்சாணம் தாக்கும். கடுகு உருண்டைகள் மேல் மண்ணில் வருடக்கணக்கில் காத்திருக்கும்.

செய்ய வேண்டியது:

1. திட்டின் ஓரத்துச் செடிகளைத் தோண்டி அலசி, எதுவரை நூல் போயிருக்கிறது என்று பாருங்கள்.
2. வாடின செடியோடு அதே வரிசையில் இருபக்கமும் இரண்டு பச்சைச் செடிகளையும் சேர்த்து, அடிமண்ணோடு வெட்டி உரச்சாக்கில் போடுங்கள். பச்சைச் செடியை எடுக்க மனசு வராது. ஆனால் அந்த இரண்டின் வேர்தான் நோயை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோகும் பாலம்.
3. சாக்கை வெளியே கொண்டுபோய் எரியுங்கள். எருக்குழியில் போடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். அந்தச் சாணம் திரும்ப வயலுக்குத்தான் வரும்.
4. எடுத்த இடத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு நல்ல செடிகளின் அடியில் மருந்து ஊற்றுங்கள். கார்பன்டசிம் இந்தப் பூஞ்சாணத்தை அவ்வளவாக அடக்காது. ஆனால் "வேரழுகல்" என்று சொன்னால் கடையில் பெரும்பாலும் அதையே எடுத்துக் கொடுப்பார்கள். டெபுகோனசோல், ஹெக்சகோனசோல் வகைதான் கேட்கும். அளவுக்கு லேபிளைப் பாருங்கள், உதவி வேளாண்மை அலுவலரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.
5. அந்தத் திட்டில் கடைசியாகக் களை எடுங்கள். களைக்கொத்தைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகாதீர்கள். அறுவடை முடிந்ததும் ரோட்டவேட்டர் போட்டால் ஒரு திட்டு ஒரு காணி முழுக்க இறைபடும். அதற்குப் பதிலாகக் கோடையில் மண் புரளும்படி ஆழமாக உழுங்கள். ஆழத்தில் புதைந்த உருண்டை வலுவிழக்கும்.

### வேர் நார் நாராக, கறுப்புப் புள்ளியோடு

வெள்ளை நூல் இல்லை, ஆணிவேரின் பட்டை நார் மாதிரி உரிகிறது, உள்ளே மிளகுத்தூள் தூவினது போலக் கறுப்புப் புள்ளி. இது மேக்ரோபோமினா என்ற பூஞ்சாணம் உண்டாக்கும் உலர் வேரழுகல். வெயிலும் காய்ச்சலும் (தண்ணீர் இல்லாமல் மண் காய்வது) சேர்ந்தால் இது பாயும். நெய்வேலி, விருத்தாசலம் செம்மண் மேட்டில் பாசனம் தவறின கொல்லைகளில் பார்க்கலாம். மேல் மண் சூடேறும்போது வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். வழியில் மண்ணில் கிடக்கும் புள்ளிகளைத் தொடும். பெரும்பாலும் ஒவ்வொரு செடியும் தனியாகத்தான் தொடும், அதனால் திட்டு சரியான வட்டமாக இருக்காது.

முதல் வைத்தியம் தண்ணீர்தான். பூக்கும் நேரத்திலும் விழுது இறங்கும் நேரத்திலும் காய்ச்சல் விடாதீர்கள். இந்த நோய்க்குக் கார்பன்டசிம் வேலை செய்யும்: லிட்டருக்கு 1 கிராம், வாடின செடியைச் சுற்றியுள்ள நல்ல செடிகளின் வேருக்கு. அடுத்த பட்டத்துக்கு ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கின தொழு உரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் பத்துப் பதினைந்து நாள் வைத்து, நிலம் ஈரமாக இருக்கும்போது போடுங்கள். காய்ந்த மண்ணில் போட்டால் வீண்.

எப்போது வேளாண்மை அலுவலரைக் கூப்பிடுவது: குச்சி நட்ட எல்லையை ஒரு வாரத்தில் திட்டு தாண்டினால், அல்லது வெள்ளை நூலும் கறுப்புப் புள்ளியும் இரண்டுமே ஒரே செடியில் தெரிந்தால்.

## நெல் தரிசு உளுந்து ஆங்காங்கே காய்கிறது

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன் நெல் வயலில் தெளித்த உளுந்துக்கும் மேலே சொன்ன உலர் வேரழுகல்தான் முதல் சந்தேகம். வயல் வெடிக்கத் தொடங்கும்போது வெடிப்பு ஓரத்து வேர் அறுபடும், நோய் அங்கே ஏறும். தரிசு உளுந்தில் பாதியில் செய்ய அதிகம் ஒன்றுமில்லை. விதை நேர்த்தியைத் தவறவிடாதீர்கள். ஒன்றைக் கவனியுங்கள்: மஞ்சள் தேமல் வந்த செடியையும் வேரழுகல் என்று நினைத்துவிடுவது உண்டு. தேமலில் இலை திட்டுத் திட்டாக மஞ்சளாகும், வேர் வெள்ளையாக இருக்கும். பிடுங்காமல் தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## கத்தரி, தக்காளி, மிளகாய் திடீரென்று வாடுகிறது

தண்டை அடியில் வெட்டி, நறுக்கின துண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி நூல் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். எந்தப் பூஞ்சாண மருந்தும் பயன்படாது, பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

பால் இறங்கவில்லை, தண்டை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடுகிறது, இலை கீழிருந்து மேலாக மஞ்சளாகி வந்தது. இது ஃபியூசேரியம் என்ற பூஞ்சாணத்தால் வரும் வாடல்.

பழுப்புக் கோடு இல்லை, அடித்தண்டில் கடுகு உருண்டை. மல்லாட்டைக்குச் சொன்னதையே செய்யுங்கள்.

முதல் இரண்டும் வேர்க் காயத்தில் எளிதாக நுழைகின்றன. ஆகவே காய்க்கத் தொடங்கின பின் ஆழக் கொத்தாதீர்கள். சொட்டுநீர் போட்டவர்கள் கவனியுங்கள்: சொட்டி பக்கத்திலேயே வேர் முழுக்கத் திரண்டு நிற்கும், நெருக்கி நட்டிருந்தால் இரண்டு செடியின் வேர் அங்கேயே பின்னிக்கொள்ளும். வாய்க்கால் பாசனத்தைவிட இது மேல்தான், ஆனால் ஒரு செடி வாடினால் அதே குழாயில் அடுத்த செடியைத் தோண்டிப் பார்க்காமல் விடாதீர்கள்.

செலவில்லாத வழி, அந்த நிலத்தில் தண்ணீர் கட்டி ஒரு போகம் நெல் எடுப்பது. பாகூர் ஏரிப் பாசனத்தில் இருப்பவர்களுக்கு இது கைக்கெட்டின வைத்தியம். நூற்புழு முடிச்சு இருந்தால் ஒரு பட்டம் செண்டுப்பூ வையுங்கள், அதற்கும் சந்தையில் விலை உண்டு. செலவு பிடிக்கும் வழி, சுண்டைக்காய் வேரில் ஒட்டுக் கட்டின கத்தரி நாற்று. வருடா வருடம் அதே மண்ணில் கத்தரிதான் போட வேண்டும் என்பவர்களுக்கு அந்தச் செலவு தகும்.

## வாழையில் இலை மஞ்சளாகி மட்டையோடு தொங்குகிறது

கீழ் இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து பாவாடை மாதிரி தொங்கும். சில சமயம் அடித்தண்டு வெடிக்கும். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்பு வளையமும் புள்ளியும் இருந்தால் பனாமா வாடல். வளையம் இல்லாமல் துளையும் புழுவும் இருந்தால் கிழங்கு வண்டு.

பனாமா என்றால் மரத்தைக் கிழங்கோடு எடுத்து, குழியில் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். அங்கிருந்து பக்கக் கன்று எடுத்து நடவே கூடாது. பக்கத்துத் தோட்டக்காரருக்கும் கொடுக்காதீர்கள். மண்ணில் இது பல ஆண்டு தங்கும். ரஸ்தாளிக்கு எளிதில் வரும், பூவன் தாங்கும். அதே இடத்தில் ரஸ்தாளி திரும்ப வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

## சவுக்கில் ஒரு மரம் காய்ந்து, அடுத்தடுத்த மரமும் காய்கிறது

ஒரு மீட்டர் இடைவெளியில் நட்ட சவுக்குத் தோப்பில் மண்ணுக்குக் கீழே வேர் எல்லாம் ஒரே பாய். அங்கே தனி மரம் என்று ஒன்று கிடையாது என்று வைத்தே யோசியுங்கள்.

முதலில் எளிய காரணங்கள். முதல் வருடக் கன்று என்றால் கோடைக் காய்ச்சலோ, மழைத் தண்ணீர் தேங்கினதோதான் பெரும்பாலும். அடியில் மண் பூச்சு இருந்தால் சுரண்டிப் பாருங்கள், கரையான். தண்டில் மரத்தூளும் பட்டைத் துகளும் நூலாகக் கோத்துத் தொங்கினால் பட்டைப்புழு.

இவை இல்லாமல், தழை வெளுத்து உதிர்ந்து, பட்டையில் கொப்புளம் எழும்பி, அது வெடித்தால் உள்ளே கரித்தூள் மாதிரி கொட்டினால் பட்டைக் கொப்புள வாடல். அந்தத் தூள் பூஞ்சாணத்தின் வித்து. தட்டிப் பார்க்கிறேன் என்று காற்றடிக்கும் நேரத்தில் உதிர்க்காதீர்கள்.

காய்ந்த மரத்தை வெட்டி எடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். தூரும் வேரும் கீழே இருக்கும் வரை பூஞ்சாணத்துக்கு வீடு இருக்கிறது, பக்கத்து மரத்தின் வேர் அந்த வீட்டைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆகவே தூரைத் தோண்டி எடுங்கள், எப்படியும் விறகுக்கு ஆகும். அப்புறம் வெளியே நன்றாகத் தெரியும் மரங்களில் இரண்டு வரிசையை உள்ளே தள்ளி, அதற்கு வெளியே சுற்றிலும் இரண்டரை, மூன்றடி ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி வேரைத் துண்டியுங்கள். கடற்கரை மணலில் கால்வாய் நிற்காது, சரிந்துவிடும். நல்ல மரங்களின் பக்கச் சுவரில் பழைய பாலித்தீன் தாளை நிறுத்தி, திரும்ப மணலைத் தள்ளி மூடிவிட்டாலும் வேர் தாண்டாது. வெட்டின மண்ணை நோய்ப் பக்கமே போடுங்கள்.

2011 டிசம்பர் 30 தானே புயலில் இந்தக் கரையில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. அப்போது மேலே உள்ளதை மட்டும் வெட்டிக்கொண்டு தூரை மண்ணிலேயே விட்ட கொல்லை உங்களுடையது என்றால், புதுத் தோப்பு வைக்கும் முன் தூர் மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை கிளறிப் பாருங்கள். புயல் அறுத்த வேர்க் காயமும், நிலத்தில் மட்கும் பழைய தூரும் இந்த வகை நோய்களுக்கு மிகவும் தோதானவை. மறுநடவுக்கு நாட்டுச் சவுக்கைவிட ஜங்கூனியானா வகைக் குளோன் கன்றுகள் இந்த நோயைத் தாங்குகின்றன.

ஆளைக் கூப்பிட: கால்வாய்க்கு வெளியே ஒரு மரம் காய்ந்தாலும் தாமதிக்காதீர்கள். மாவட்ட வன விரிவாக்க அலுவலரிடம் சொன்னால் கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்துக்கு மாதிரி அனுப்ப வழி கிடைக்கும். மூன்று வயது ஆகியிருந்தால் முழுத் தோப்பையும் முன்கூட்டியே வெட்டி விற்பது லாபமா என்றும் கணக்குப் பாருங்கள். பல இடங்களில் அதுதான் சரியான முடிவு.

## தென்னையில் கீழ்மட்டை தொங்கி, அடித்தண்டில் சாறு வடிகிறது

1952 புயலுக்குப் பின் தஞ்சாவூர்ப் பகுதியில் பெரிதாகத் தெரிந்ததால் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் வாங்கின நோய், அடித்தண்டழுகல். கானோடெர்மா என்ற பூஞ்சாணம் வேரில் ஏறி, மெதுவாகத் தண்டுக்கு வரும். மட்டை தொங்கும்போது வேரில் பெரும்பகுதி போயிருக்கும்.

ஆனால் சாறு வடிவதெல்லாம் இதுவல்ல. பிரித்துப் பாருங்கள்.

- ஓட்டையும், மென்ற நாரும், காதை வைத்தால் கறகற சத்தமும் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு.
- தண்டில் எந்த உயரத்திலும் வெடிப்பு, அதில் துருநிறச் சாறு, வேர் நன்றாக இருந்தால் சாறு வடிதல் நோய்.
- தரையிலிருந்து மேலே ஏறி வரும் செம்பழுப்புச் சாறு, அடியில் தோண்டினால் வேர் பழுப்பாக நைந்து வருகிறது, மழைக்குப் பின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்தால் அடித்தண்டழுகல் உறுதி.

உறுதியானால் பக்கத்து மரங்களைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. தென்னையின் சுறுசுறுப்பான வேரில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் இருக்கும், சில வேர் அதைத் தாண்டி நீளும். 25 அடி இடைவெளித் தோப்பிலும் அவை நடுவில் சந்திக்கும். ஆகவே நோய் மரத்திலிருந்து ஐந்தடி தள்ளிச் சுற்றிலும் மூன்றடி ஆழம், இரண்டடி அகலக் குழி வெட்டுங்கள். வாய்க்காலில் மரத்துக்கு மரம் தண்ணீர் ஓட விடாதீர்கள்; ஒவ்வொரு மரத்துக்கும் தனி வட்டப்பாத்தி, தனிப் பாய்ச்சல். தோப்பை உழ வேண்டாம், கலப்பை அறுத்த ஒவ்வொரு வேரும் ஒரு காயம். தண்ணீர் வசதி இருந்தால் ஊடுபயிராக வாழை வையுங்கள், நோய் மட்டுப்படும்.

சுற்றியுள்ள நல்ல மரங்களுக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழு உரமும் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கும். நோய் தொடங்கின மரத்துக்கு 1 சத போர்டோ கலவை 40 லிட்டர், அடியைச் சுற்றி ஊற்ற வேண்டும். அதற்கு 400 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) பிளாஸ்டிக் டிரம்மில் 20 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 400 கிராம் நீர்த்த சுண்ணாம்பை வேறொன்றில் 20 லிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே ஊற்றிவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. இதை ஊற்றின இடத்தில் உடனே டிரைக்கோடெர்மா போடாதீர்கள், ஒரு மாதமாவது போகட்டும்.

இங்கே நிபுணர் கட்டாயம்: வேர் வழியாக ஹெக்சகோனசோல் கட்டும் முறை உண்டு. எந்த வேரில் கட்டுவது, எவ்வளவு, எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்பதை நேரில் வந்து காட்டச் சொல்லுங்கள். இளநீர் விற்பவர்கள் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கொண்டை சுருங்கி, காய் பிடிக்காமல் போன மரத்தை வைத்துப் பார்க்க வேண்டாம். வெட்டி, அடித்தூரையும் வேரையும் தோண்டி எரியுங்கள்.

## மாதிரி கொண்டுபோகும்போது

முழுக்கக் காய்ந்த செடியைக் கொண்டுபோனால் அதில் செத்ததைத் தின்ன வந்த வேறு பூஞ்சாணங்கள் ஏறியிருக்கும், முடிவு சரியாக வராது. பாதி வாடின செடி ஒன்று, ஓரத்துப் பச்சைச் செடி ஒன்று, நன்றாக இருக்கும் செடி ஒன்று. மூன்றையும் வேரோடும் மண்ணோடும் தோண்டி, தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றுங்கள். பாலித்தீன் பையில் வெயிலில் வைத்தால் வழியிலேயே அழுகிவிடும். ஒரு சாண் ஆழத்து மண் அரைக் கிலோ தனியாக. மருந்து ஊற்றும் முன்னால் எடுத்த மாதிரியாக இருக்க வேண்டும். ஊற்றிவிட்டீர்கள் என்றால் எதை, எப்போது என்று எழுதி வையுங்கள். திட்டு எப்படிக் கிடக்கிறது என்று ஒரு தாளில் கோட்டுப் படம் போட்டு, தண்ணீர் பாயும் திசையை அம்புக்குறியால் காட்டுங்கள். செல்போனில் வரப்பிலிருந்து எடுத்த படமும் உதவும்.

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையமும் அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. சிதம்பரம் பக்கத்தவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தின் தாவர நோயியல் துறை அருகில். புதுச்சேரியில் குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம். வாரத்தின் முதல் நாட்களில் காலையிலேயே போய்ச் சேருங்கள். வெள்ளிக்கிழமை மாலை கொடுத்த வேர் திங்கள்வரை காத்திருந்தால் அழுகிவிடும்.